கிளாக்கரய்யா பழகிய அவசர செஸ்

“செஸ் தெரியுமோ?” என்று துரைராசா மாஸ்டர் கேட்டதும், “தெரியுங்க சேர்” என்று கஜேந்திரனின் வாய் சொல்லிவிட்டது. மூளை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

“நல்லது. தைப்பொங்கல் முடிய வாரும். ஒரு ஆட்டம் போட்டுப் பாத்துத்தான் மிச்சக் கதை.”

மிச்சக் கதை என்றால் ஆர்த்திகாவின் கல்யாணக் கதை. மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, தலவாக்கலையில் கணக்குப் படிப்பித்தே தலை நரைத்தவர். ஆர்த்திகா அவருடைய ஒரே மகள். கஜேந்திரன் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிளாக்கர். பாவம் பிள்ளை, செஸ் காயை அதுவரை கையால் தொட்டதுகூட இல்லை.

“இதுக்கு முதல் ரெண்டு மாப்பிள்ளையள் அப்பாவோட விளையாட வந்தவை,” என்றாள் ஆர்த்திகா, பஸ்சில் அவனுக்கு முன் சீட்டிலிருந்து திரும்பாமலே. “ஆட்டம் முடிஞ்ச கையோட போனவை. பிறகு வரேல்லை.”

“தோத்துட்டாங்களா?”

“ஆருக்குத் தெரியும்? நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டனான். அப்பா கத்தினது மட்டும்தான் கேட்டது.”

கஜேந்திரன் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி, தலவாக்கலை கொமினிகேசன் கடை வாசலில் போய் இறங்கினான்.

கடையில் தொலைபேசிக் கூண்டு ஒன்றும் கம்பியூட்டர் ஒன்றும் இருந்தன. இரண்டையும் கட்டி ஆள்பவள் கிருஷாந்தி.

“பொங்கலுக்குள்ள செஸ் படிக்கணும் தங்கச்சி. மாஸ்டர் வீட்டு விஷயம்.”

“ஓ, அந்த வீடா!” கிருஷாந்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நாளைக்கு வாங்கண்ணே. நல்லதா ஒண்ணு தேடி வைக்கிறேன்.”

மறுநாள் திரையில் கட்டம் தயாராக இருந்தது.

“இது அவசர செஸ். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷந்தான். நம்ம கிட்ட இருக்குற காயெல்லாம் யாரு மொதல்ல குடுத்து முடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் ஜெயம். குடுத்தா எடுத்தே ஆகணும், அது சட்டம்.”

“ராஜாவையுமா குடுக்கணும்?”

“ராஜாவுக்கு என்ன தனியா கொம்பா மொளச்சிருக்கு?”

அப்போதுதான் கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மாஸ்டரின் மனைவி இராசமணி அம்மா, லண்டனில் இருக்கும் தம்பிக்குக் கேட்கட்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். கஜேந்திரன் மேசைக்கடியில் குனிந்தான்.

“எந்திரிங்கண்ணே. அவங்க அடிக்கடி வர்றவங்கதான்,” என்றாள் கிருஷாந்தி.

முதல் வாரம் தோல்வியாகக் கொட்டியது. யோசித்து ஆடினால் நேரம் முடிந்தது. அவசரமாக ஆடினால் இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் எதிராளி எல்லாவற்றையும் இவன் தலையில் கட்டிவிட்டு வெறுங்கையோடு ஜெயித்துப் போனான். மார்கழிக் குளிரில் விரல் விறைக்கிறதென்று கையுறை போட்டான். மௌஸ் வழுக்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு சூடான பிளேன்டீயைப் பிடித்துக் குளிர் காய்ந்தான். அது கீபோர்டில் கொட்டியது.

“அண்ணே!” என்று அலறினாள் கிருஷாந்தி. “சும்மா ஆடிக்கிட்டே இருந்தா எப்படி வரும்? ஆடின ஆட்டத்தத் திரும்பப் பாருங்க. இந்த அம்புக்குறிய அமுக்குனா பின்னுக்குப் போகும்.”

பின்னுக்குப் போனான். கடைசியில் ராணியைக் கொடுக்க முடியாமல் திணறிய இடத்தைப் பார்த்தான். அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது... சட்டென்று பிடிபட்டது.

“அட, இது நம்ம பெரட்டு!”

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா ஆட்களைத் தப்பான மலைக்கு அனுப்பிவிட்டு, அந்தியில் கொழுந்து குறைந்ததென்று குதிப்பதை அவன் தினமும் பார்க்கிறவன். பிழை அந்தியில் இல்லை, காலையிலேயே நடந்தாயிற்று. இங்கேயும் அதே கூத்து. முதல் சிப்பாயை நகர்த்திய இடத்திலேயே ஆட்டம் போயிருந்தது.

அதன்பிறகு ஓர் ஆட்டம் ஆடினால் இரண்டு தடவை திரும்பப் பார்த்தான். ஆபீசில் சம்பளச் சீட்டைப் பார்த்தாலும் கட்டம் தெரிந்தது. கை தானாகப் பறந்தது. குதிரையைக் கொடுத்தான், கோட்டையைக் கொடுத்தான், பெயர் வாசிக்க வராத தேசத்துக்காரர்களையெல்லாம் காயால் மூடி மூச்சுமுட்ட வைத்தான்.

“உலகத்துலயே ஒங்களப்போல குடுக்க ஆளில்லண்ணே,” என்றாள் கிருஷாந்தி.

பொங்கல் முடிந்த ஞாயிறு. மாஸ்டர் வீட்டு முன்னறையில் பலகை விரிந்தது. கஜேந்திரன் மின்னல்போல் ஆடினான். கொஞ்ச நேரத்தில் ராணி மாஸ்டரின் மந்திரி வெட்டும் வழியில் போய் நின்றது.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ராணியைத் தாறீர்? பொறியோ?”

“எடுங்க சேர். குடுத்தா எடுத்தே ஆகணும்.”

“எனக்கே சட்டம் படிப்பிக்கிறீரோ!” மாஸ்டர் எடுத்தார். பிறகு இரண்டு கோட்டைகளையும் எடுத்தார். “செக்! ராஜாவைக் காப்பாத்தும்.”

“எதுக்குங்க சேர் காப்பாத்தணும்?”

மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ராஜாவைக் காப்பாத்தாட்டி என்னத்துக்கு ஐசே செஸ்? அவன் பிடிபட்டால் ஆட்டம் சரி, நீர் தோல்வி!”

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததுபோல் கஜேந்திரனுக்குக் கண் இருண்டது. இனியாவது காப்பாற்றுவோம் என்று பார்த்தான். பழகிய கண்ணுக்கு, வெட்டுப்படும் கட்டங்கள்தான் பளிச்சென்று தெரிந்தன. காப்பாற்றப் போன மந்திரியும் வெட்டுப்பட்டது. மந்திரியைக் காப்பாற்றப் போன குதிரையும் போனது. ராஜா மூலையில் தனியே நின்றான்.

“செக் மேட்.”

மாஸ்டர் எழுந்து நின்றார். கஜேந்திரன் கண்ணால் தன் குடையைத் தேடினான். குசினிக் கதவருகில் ஆர்த்திகாவின் முகம் வெளுத்திருந்தது.

“இராசமணீ!” மாஸ்டர் போட்ட சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “வெண்டுட்டன்! ஓடி வாரும், வெண்டுட்டன்! என்ன மாதிரிப் பெடியன்! கணக்குப் பாக்காமல் அள்ளிக் குடுக்கிறான். இவனிட்டை என்ர பிள்ளை ஒருநாளும் பசி கிடக்காள். கலண்டரை எடும், நல்ல நாள் பாப்பம்!”

குசினிக்குள் ஒரு பாத்திரம் விழுந்தது. ஆர்த்திகாவின் சிரிப்பு அதற்கு மேலே கேட்டது.

“வாரும் மருமோன், காயை முதல்ல இருந்து அடுக்கும்,” என்று தோளில் தட்டினார் மாஸ்டர். “எங்கை பிழைச்சதெண்டு ஒருக்காத் திரும்பப் பாப்பம்.”

எங்கே பிழைத்தது என்று கஜேந்திரனுக்கு நன்றாகத் தெரியும். கொமினிகேசன் கடைக் கதவைத் தள்ளித் திறந்த இடத்தில்தான். திங்கட்கிழமை விடியட்டும், அந்தக் கிருஷாந்தியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு, பிறகு அவள் காலிலும் விழுந்துவிட வேண்டும் என்று நினைத்தபடி காய்களை அடுக்கினான்.

மாஸ்டர் பொறுமையில்லாமல் தானே கலண்டர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, இராசமணி அம்மா பொங்கல் தட்டை அவன் முன்னால் வைத்துக் குனிந்து மெல்லச் சொன்னார்:

“முந்தி வந்த ரெண்டு பேரும் இவரை வெண்டுபோட்டுத்தான் தம்பி திட்டு வாங்கிக்கொண்டு போனவை, அதுதான் இந்தப் பிள்ளைக்குத் தோக்கிற செஸ்ஸை மட்டும் பழக்கிவிடு எண்டு கிருஷாந்தியிட்டை நான் சொன்னனான்.”