பன்னிரண்டு மணி வரை ஞாபகம்

எங்கள் மிட்சுனோ நகராட்சி அலுவலகம் போன வசந்தத்தில் மின்னல் வேகம் அடைந்தது. அதற்கு முன், ஒரு பெயரைத் தேடக் கணினிக்குப் பதினொரு நிமிஷம் பிடிக்கும். வரிசையில் நின்றபடியே சோற்று உருண்டையைத் தின்று, விரலையும் துடைத்துக்கொள்வோம்.

கணினிக்காரர் நாகஹோரி வந்து வழி சொன்னார்:

"ஒவ்வொரு பேருக்கும் கணினி வட்டுக்குள்ள போய்த் தேடுது. காலையிலயே மொத்தக் கோப்பையும் நினைவகத்துல ஏத்திடுவோம், சட்டுனு எடுக்கலாம். ஆனா கரண்டு போனா அதுல எதுவும் மிஞ்சாது. அப்பப்போ வட்டுல எழுதி வெச்சுக்கணும்."

பிரிவுத் தலைவர் குரோகி சான் முதல் பாதியை மனமாரப் பாராட்டினார். பின்பாதியோ 'நிரந்தரப் பதிவேட்டில் மாற்றம் செய்தல்'. அதற்கு நான்கு பேர் முத்திரை வேண்டும். நான்காமவர் கைக்கு அது போய்ச் சேர மாலை ஐந்தாகிவிடும். ஆகவே, வட்டில் எழுதுவது ஐந்து மணிக்கு மட்டும் என்று முடிவாயிற்று.

மின் சிக்கனத்துக்காக, பகல் பன்னிரண்டு மணி ஒலித்ததும் எல்லாவற்றையும் அணைப்பது எங்கள் ஊர் வழக்கம். அலுவலகத்தில் விளக்குக்கும் கணினிக்கும் சேர்த்து வாசலோரம் ஒரே பொத்தான்.

காலையில் விவாகரத்துப் பதிந்தவர்கள் சாப்பிட்டு வந்து பார்த்தால் தம்பதியாகவே இருந்தார்கள். காலையில் இறந்துபோன மீன்கடைக்காரரை மாலையில் உடல்நலப் பரிசோதனைக்கு அழைத்தார்கள்.

நான் மூன்று நாளாக என் மகள் சுமிரேவுக்குப் பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தில் இடம் கேட்டுப் பதிந்துகொண்டிருந்தேன். அந்த விண்ணப்பச் சன்னல் காலையில் மட்டும்தான் திறக்கும். அன்று வெள்ளி, கடைசி நாள். பிரசவ விடுப்பு முடிந்து திங்களன்று சாப்பாட்டுப் பெட்டி ஆலைக்கு நான் திரும்பாவிட்டால் என் வேலை வேறொருத்திக்கு.

"நேத்தும் குடுத்தேன், முந்தாநாளும் குடுத்தேன், குரோகி சான்!"

"பதிவுல இல்லீங்களே, சுமிரே அம்மா."

"காகிதத்தைப் பாருங்க!"

"இப்ப நாங்க காகிதமில்லா அலுவலகம். வாங்கின கையோட இயந்திரத்துல போட்டு அரைச்சிடுறோம்."

முதுகில் இருந்தவளைத் திருப்பிக் காட்டினேன். "அப்ப இவ யாரு?"

"நல்லாக் கொழுகொழுன்னு இருக்கா. குழந்தை இருக்குங்க. விண்ணப்பம்தான் இல்ல."

நாகஹோரி குறுக்கிட்டார். "இன்னிக்கு ஒரு நாள் அணைக்காம விடுங்க. அஞ்சு மணி வரைக்கும் தாங்கும்."

குரோகி சான் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார். முன்னுதாரணம் இல்லையாம். நான் நகரவில்லை, எனக்குப் பின்னால் முப்பது பேர். கடைசியில் சிறப்பு அனுமதி பிறந்தது: பழக்கதோஷம் காரணமாக ஊழியர் எவரும் பொத்தானை நெருங்கக் கூடாது; விண்ணப்பதாரரே காவல் நிற்க வேண்டும். நான் மறுபடி பதிந்தேன்; பின்னால் நின்ற முப்பது பேரும் பதிந்தார்கள்.

"கிட்ட வந்தா கடிச்சிடுவேன்," என்று பொத்தானை ஒட்டி நின்றேன்.

ஊர் ஒலிபெருக்கியில் பன்னிரண்டு மணி இசை ஒலித்தது. ஊழியர்களின் கைகள் தானாக எழுந்தன. பாவம், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

விளக்குகள் அணைந்தன.

"எவன் அது?" என்று கத்தினேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பொத்தானின் மேல் இருந்தது என் விரல். ஏழு வருஷம் ஆலையில் அந்த இசைக்கு விளக்கணைத்த விரல்.

அரையிருட்டில் குரோகி சான் எழுந்து இடுப்புவரை குனிந்தார்.

"மின் சிக்கனத்துக்கு ஒத்துழைச்சதுக்கு ரொம்ப நன்றிங்க, சுமிரே அம்மா."

வரிசையில் நின்ற முப்பது பேரும் கைதட்டினார்கள். அவர்களுடைய காலைப் பதிவும் சேர்ந்துதான் போயிருந்தது.