மூன்றாம் மாடி ஏறிய தபால் பை

உலகத்தில் எத்தனையோ மகத்தான பேச்சுவார்த்தைகள் நடந்திருக்கலாம். தபால் துறை நிர்வாகமும் ஊழியர் சங்கமும் மூன்றாம் மாடியில் நடத்திய பேச்சுவார்த்தைக்கு முன்னால் அவையெல்லாம் வெறும் வெட்டி அரட்டை. விவாதப் பொருள், தபால்காரம்மாவின் தோள்பை. அந்தக் கனத்தை ஒரே ஆள் சுமக்க முடியாது, பைக்கு இரண்டு ஆள் போடுங்கள் என்பது சங்கத்தின் கோரிக்கை.

தபால்காரம்மாவுக்கு வலது தோள் போய்விட்டது. மகளுக்குச் சடை பின்னக்கூடக் கை மேலே வருவதில்லை. வீட்டுக்காரர்தான் பின்னிவிடுகிறார், அதுவும் கோணல்மாணலாக. இப்படியே சுமந்தால் கை அடியோடு விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அவள் இந்தப் பேச்சுவார்த்தையைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

முதல் கூட்டத்திலேயே மேலதிகாரி ஆழமான கேள்வி ஒன்றை எழுப்பினார்.

"கனம் கனம்னு சொல்றீங்களே, அந்தப் பையை யாராவது கண்ணால பார்த்தோமா?"

"நியாயமான கேள்வி," என்றார் சங்கத் தலைவர். அவர் பையைத் தொட்டே பல காலம் ஆகிறது. "கொண்டுவரச் சொல்லிடுவோம்."

பை "சான்றுப் பொருள்" ஆயிற்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தபால்காரம்மா அதை மேலே சுமந்து வந்து மேஜைமேல் வைக்க வேண்டும். முடிந்ததும் கீழே இறக்க வேண்டும். லிஃப்ட் உண்டு. பேச்சுவார்த்தைக்கு வருகிறவர்களுக்கு மட்டும். அவள் பேசவா வருகிறாள், பையோடுதானே வருகிறாள்!

"தலைவரே, படியேறுறதுக்குள்ள உசுரு போகுதுங்க," என்றாள் ஒருநாள்.

"கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கம்மா. எல்லாம் உன் தோளுக்காகத்தானே பாடுபடறோம்," என்றார் தலைவர், லிஃப்டுக்குள் நின்றபடி.

கூட்டங்கள் மாதக்கணக்கில் வளர்ந்தன. பிஸ்கட் உப்பா இனிப்பா என்பதில் கடும் இழுபறி நீடித்து, இரண்டும் என்று சுமுகமாக முடிந்தது. அவளுக்கோ இடது தோளும் வலிக்க ஆரம்பித்தது.

கடைசியில் மேலதிகாரி தொண்டையைச் செருமினார்.

"இந்த அம்மா எல்லாக் கூட்டத்துக்கும் ஒத்தை ஆளாத்தானே தூக்கிட்டு வந்தாங்க? ஒரு தடவைகூட கீழ போடலை. அப்போ ஒரே ஆள் சுமக்கலாம்னு நிரூபணம் ஆயிடுச்சே!"

தலைவர் நெகிழ்ந்துபோனார். "எங்க உறுப்பினரோட உறுதியை நிர்வாகமே பாராட்டுது. இது சங்கத்துக்குக் கிடைச்ச மாபெரும் வெற்றி!"

கைதட்டல். கோரிக்கை "வெற்றிகரமாக" வாபஸ் பெறப்பட்டது.

தபால்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வெற்றியை நீங்களே கீழ தூக்கிட்டுப் போங்கய்யா!" என்று சொல்லிவிட்டு, கையை வீசிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டாள்.

மேலதிகாரி பையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சாண்கூட எழும்பவில்லை. தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டு முக்கினார். இடுப்பில் கடக்கென்றது. இருவரும் அப்படியே நாற்காலியில் சாய்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாதக்கணக்கில் தீராத விவகாரம் ஒரு டீ ஆறுவதற்குள் தீர்ந்தது. கையெழுத்தான ஒப்பந்தம் வருமாறு: "இவ்வளவு கனமான பையை ஒரே ஆள் தூக்கச் செய்வது மனிதாபிமானமற்ற செயல். இனி இரண்டு பேர் சேர்ந்தே தூக்க வேண்டும். இச்சலுகை மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும்."