வேலாயி இழுத்த கயிறு

வேலாயி கயிறு மாற்றி இழுத்ததில், நூற்று முப்பது பயணிகளோடு வந்த விமானம் ஓடுபாதைக்கு அரை மைல் முன்னாலேயே விழுந்துவிட்டது. அதே நேரத்தில் அடுப்பில் பருப்பும் பொங்கி வழிந்தது.

"அம்மா! கறுப்பு இல்ல, செவப்பு!" என்று முன்னறையிலிருந்து ஜெயா கத்தினாள்.

"ஐயையோ! ஜெயா, மாப்ளைய கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு. எங்க விழுந்துச்சாம்?"

"லெம்பா பெர்த்தாம்ல, முட்டைக்கோசுத் தோட்டத்துல விழுந்துச்சுன்னு வச்சுக்குங்க அத்தை," என்றான் மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன். குரலில் சிரிப்பு இருந்தது. அன்று வியாழக்கிழமை, இன்னும் மூன்று நாள் பாக்கி என்ற தைரியம்.

ராதாகிருஷ்ணன் துணை விமானி. சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு மாறுவதற்கு அடுத்த வாரம் கோலாலம்பூரில் பரீட்சை. தரையிலேயே நிற்கும் பொம்மை விமானத்தில் வைத்துச் சோதிப்பார்கள். போன வருஷம் ஒரு தடவை தவறிவிட்டான். இன்னொரு தடவை தவறினால் பெரிய விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

தலைப்பிரசவத்துக்காகத் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்திருந்த ஜெயாவைப் பார்க்க நான்கு நாள் விடுப்பில் வந்தவன், படிப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தான். தொழிலாளர் லயத்து வீட்டு முன்னறைச் சுவரில் விமானத்தின் முகப்பை அட்டையில் வரைந்து ஒட்டினான். பிஸ்கட் டின்னில் பிளவு போட்டு இரண்டு அகப்பைகளை நிறுத்தினான். எஞ்சினுக்குப் போகும் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் பிடிகள் அவைதான்.

பெரிய விமானத்தில் ஒரு விசேஷம். இறங்கும்போது அந்தப் பிடிகளை மனிதன் தள்ள வேண்டியதில்லை. வேகம் குறைந்தால் ஒரு கருவி தானே முன்னே தள்ளும். கூடினால் பின்னே இழுக்கும். விமானியின் கை அதன்மேல் இருந்தால் போதும். ஆட்டோ திராட்டல் என்று பெயர். வீட்டில் அந்தக் கருவிக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

எட்டு மாதக் கர்ப்பிணியான ஜெயா நாற்காலியில் உட்கார்ந்து, அகப்பைகள் போகும் போக்குக்குத் தக்கபடி ஒரு பழைய கடிகாரத்தின் முள்ளை நகர்த்தி வேகத்தைச் சொல்வாள். மாமனார் நாகப்பன் லாரியோடு வெளியூர் போயிருந்தார். மிஞ்சியது மாமியார் வேலாயி.

மாப்பிள்ளைக்கு எதிரே உட்காருவதாவது! கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவள் அவன் முன்னால் முழுசாக நின்றதுகூட இல்லை. அதனால் அகப்பைகளில் கயிறு கட்டி, கதவிடுக்கு வழியாக அடுப்படிக்கு விட்டார்கள். வேகம் நூற்று நாற்பதுக்குக் கீழே போனால், முன்னே தள்ளச் சிவப்புக் கயிறு. மேலே போனால், பின்னே இழுக்கக் கறுப்பு.

வெள்ளிக்கிழமை வேலாயி ஒரு யோசனை செய்தாள். கயிறுகளைக் கால் கட்டைவிரல்களில் கட்டிக்கொண்டால், இரண்டு கையும் சம்பல் அரைக்கக் கிடைக்குமே! நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாசலில் ரொட்டிக்காரரின் மோட்டார் ஹாரன் அடித்தது. வேலாயி பழக்கதோஷத்தில் எழுந்து ஓடினாள். அகப்பையும் டின்னும் கதவில் வந்து மோதின.

"ஜெயா, ரெக்கை ஒடைஞ்சு போச்சா?"

"ரெக்கை இல்ல அத்தை, டின்னுதான்," என்றான் ராதாகிருஷ்ணன். இன்று குரலில் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு மணியம்மா எட்டிப் பார்த்தாள்.

"குடுக்கா. நீ சமையலப் பாரு. மாட்டுக் கயிறு புடிச்ச கை இது."

கயிறு கைக்கு மாறியதும் வாயும் திறந்தது. பிரிஞ்சாங்கில் கட்டிக்கொடுத்த மகள், அவள் மாமியார், அந்த மாமியாரின் நாத்தனார் என்று கதை போய்க்கொண்டே இருந்தது. கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது.

"நூத்தி முப்பது... நூத்தி இருவது... அம்மா!" என்று ஜெயா அலறினாள்.

ராதாகிருஷ்ணன் தானே அகப்பையைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

"செத்தாங்களா, பொழைச்சாங்களா?" என்று மணியம்மா ஆவலோடு கேட்டாள்.

"பொழைச்சுட்டாங்க," என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். இன்றைக்காவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று வேலாயி மணியம்மாவை வாசலோடு அனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னால் சம்மணம் போட்டு இரண்டு கயிறுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாரம் முழுக்க மேட்டில் கொழுந்து பறித்த உடம்பு. அடுப்பின் கதகதப்பு வேறு. கண் விழித்தபோது முன்னறையில் சத்தமே இல்லை. மாப்பிள்ளை அட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எத்தனை தடவை எறங்குச்சு ஜெயா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஒம்போது தடவை. அவருதான் தள்ளித் தள்ளி எறக்குனாரு. நீ நல்லாத் தூங்குன."

பஸ் ஏறும்போது ராதாகிருஷ்ணன், "போயிட்டு வரேன் அத்தை," என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வேலாயிக்கு.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவன் கொடுத்த மாப்பிள்ளையின் பிழைப்பைக் கயிறு கட்டி இழுத்துக் கவிழ்த்துவிட்டோமே என்று மனசு அரித்தது. முருகனுக்கு மூன்று முறை வேண்டிக்கொண்டாள். ஜெயாவின் முகத்தைப் பார்க்கவே பயந்தாள்.

புதன்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றபோது, நாற்காலியை விட்டு நகராத எஸ்டேட் கணக்கர் சாம்பசிவம் கிராணி, ஆபீஸிலிருந்து மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"வேலாயி! ஒன் மாப்ள போன் பண்ணாரு!"

கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "பெயிலுங்களா ஐயா?"

"பாஸுலா! கூடப் போன மூணு பேருந்தான் பெயில்."

வேலாயிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு பள்ளத்தாக்கில் விழுந்தது போலிருந்தது. "எப்படிங்கய்யா? நாந்தான் ஒரு தடவகூட ஒழுங்கா இழுக்கலியே!"

"எறங்கி வரப்ப, பரீட்சை வைக்கிறவரு தானா தள்ளுற அந்த மெஷினைச் சொல்லாமக் கொள்ளாம நிறுத்திட்டாராம். மத்தவங்க மெஷின் பாத்துக்கும்னு இருந்துட்டாங்க. ஒன் மாப்ள மட்டும் ஒடனே கையால தள்ளி எறக்கிட்டாரு."

கிராணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எப்படின்னு கேட்டதுக்கு, 'வீட்டுல பழகுன மெஷின் ஒரு தடவகூட ஒழுங்கா வேலை செய்யல'ன்னாராம் ஒன் மாப்ள. அந்தப் பெரியவரு அசந்து போயி, 'இவ்வளவு மோசமான மெஷின் எங்கய்யா கெடைச்சுது, எங்களுக்கும் ஒண்ணு வேணுமே'ன்னு கேட்டிருக்காரு. ஒன் மாப்ள ஒன் வெலாசத்தை எழுதிக் குடுத்துட்டாராம்!"