ஆரத்தித் தட்டில் பொங்கிய நுரை

புஸ்ஸு நைனா குடியிருந்த வரைக்கும் எங்கள் லைன் வீடுகளில் ஒரு முட்டைகூட நிம்மதியாகக் குழம்புக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. யார் வீட்டு முட்டையானாலும் பாதி வழியில் மடக்கி வினிகரில் ஊறப்போட்டுவிடுவார். இரண்டு நாளில் ஓடு கரைந்து ரப்பர் பந்து மாதிரி ஆகியிருக்கும். "பாருக்கா, குதிக்கும்!" என்று தரையில் விடுவார். குதிக்கும். அடுத்த தடவை உடையும். துடைப்பது அவர் பெண்டாட்டி.

புதுவாயல் பக்கம் ஓர் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டினார். ஷிப்ட் முடிந்தால் மற்ற ஆம்பளைகள் கால் நீட்டிப் படுப்பார்கள். இவர் போனில் வீடியோ பார்த்துவிட்டு அடுத்தவர் அடுப்பங்கரையில் நுழைவார். தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, நடுவில் சோப்புத் தடவிய விரலை வைப்பார். மிளகு ஓரத்துக்குத் தெறித்து ஓடும். "எம் பொண்டாட்டி வந்தா நான் ஓடறேன் இல்ல, அதே மாதிரிக்கா" என்பார். பாட்டிலில் வினிகரும் சமையல் சோடாவும் போட்டு, அதன் வாயில் பலூனை மாட்டுவார். புஸ்ஸென்று ஊதும். பெயர் அதில் வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"யக்கா, இந்த மனுசன வச்சிக்கினு ஒரே பேஜாரு! மஞ்சத்தூள காணோம், சோப்ப காணோம்" என்று அவர் பெண்டாட்டி என்னிடம் வந்து புலம்புவாள்.

என் மகள் கலாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. வீட்டுக்காரர் போன பிறகு நான் ஒண்டியாகப் பார்த்த வரன். அதற்கு முந்தைய வரன், அவர்கள் வாசல்படி ஏறும்போது கரண்ட் போனதற்காகவே அப்படியே திரும்பிப் போய்விட்டது. இதுவும் போனால் கலா இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டு வேன் கவரைப்பேட்டை தாண்டிவிட்டதாகப் போன் வந்தபோது ஆரத்தி கரைக்க உட்கார்ந்தேன். மஞ்சள் இருக்கிறது, சுண்ணாம்பு டப்பா காலி. முந்தின நாள் நைனா அதைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் ஸ்ட்ரா விட்டு ஊதி, "பாத்தியாக்கா, மூச்சு பட்டா பாலாயிடுது" என்று காட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னா நைனா இப்படிப் பண்ணிட்ட?" என்று வாசலில் எட்டிப் பார்த்தவரிடம் அழாத குறையாகக் கேட்டேன்.

"இதுக்கா அழுவுற? துணி தொவைக்கிற சோடா இருக்குதா? சுண்ணாம்பு செய்யறத அதுவும் செய்யும்."

ஒரு சிட்டிகை போட்டார். மஞ்சள் தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது. எனக்கு உயிர் வந்தது.

வேன் வந்தது. மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தித் தட்டைச் சுற்றப் போனேன். அவருடைய பெரியம்மா குறுக்கே வந்தாள். "இரும்மா, திருஷ்டிக்குப் பழம் பிழியறது எங்க வழக்கம்" என்று பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து அறுத்து, பாதியை ஒட்டப் பிழிந்தாள்.

தட்டு புஸ்ஸென்று பொங்கியது. நுரை அடங்கியபோது சிவப்பைக் காணோம். வெறும் மஞ்சள் தண்ணீர்.

"ஆரத்தி செவப்பே போச்சே! அபசகுனம்! டேய், வண்டிய திருப்பச் சொல்லு!" என்று கத்தினாள் பெரியம்மா.

தண்ணீர் டிரம் பக்கம் நின்றிருந்த நைனா சத்தமில்லாமல் நழுவியிருக்கலாம். அவர் நேராக நடுவில் வந்து நின்றார்.

"யம்மா, சகுனத்த திட்டாத, என்னத் திட்டு. அதுல சோடா போட்டவன் நான்தான்."

"இன்னாது! எம் புள்ளைக்கு சலவைத் தண்ணியில ஆரத்தியா?"

"திட்டறத அப்பால திட்டு. மொதல்ல இத பாரு." சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துச் சோடாவைத் தூவினார். தட்டு சிவந்தது. "இப்ப மீதிப் பழத்த பிழி."

அவள் முறைத்துக்கொண்டே பிழிந்தாள். பொங்கி, மஞ்சளானது. நைனா தூவினார், சிவந்தது. அந்த அம்மாவின் கண் விரிந்தது. பையில் கைவிட்டு இன்னொரு பழத்தை எடுத்தாள். "ஏய், நான் பிழியறேன், நீ போடு!"

தூவத் தூவச் சிவப்பு, பிழியப் பிழிய மஞ்சள். வேன் கூட்டம் முழுக்கத் தட்டைச் சுற்றிக்கொண்டது.

"பெரிம்மா, என்னை உள்ள கூப்புடுவீங்களா, இல்ல போய் இன்னும் பழம் வாங்கியாரட்டா?" என்றார் மாப்பிள்ளை.

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து கலா சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது. பெரியம்மாவும் சிரித்துவிட்டாள். "சரிய்யா, செவப்புல நிறுத்து. செவப்பு இருக்கசொல்லவே உள்ள போயிடலாம்."

நைனா இப்போது திருநின்றவூரில் மகனோடு ஃப்ளாட்டில் இருக்கிறார். போன மாதம் கலா குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்தது. நான் யாருக்கும் போன் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டேன்.

"நைனா, நாளைக்கு ஆரத்தி எடுக்கணும். ஊட்ல சுண்ணாம்பு இல்ல."

"மொத ரயிலுக்கே வந்துடறேன்க்கா!"

போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த புதுச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.