எண்ணிக்கை வார்டரும் ஓர் அவசரமும்

உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாலும், ஒரு தலை குறைந்தால் உடனே கண்டுபிடித்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் எண்ணிக்கை வார்டர்தான். எழுபதுகளில், மலையாள நாட்டு எல்லைக்குள் தமிழ் பேசும் எருத்தேன்பதிக்குப் பக்கத்தில் ஒரு சப்ஜெயிலில் அவர் ஹெட் வார்டர், நான் கிளார்க். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

தலைகளை எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டு வரை எண்ணி, "நாப்பத்தி மூணுங்க, சரியா இருக்குது" என்று கண்டக்டரிடம் ஒப்படைப்பார். என் கல்யாணப் பந்தியில், கை கழுவப் போன என் மாமனாரைக் காணோம் என்று நாலு பக்கமும் ஆள் அனுப்பினார். மாமனார் அந்தக் கோபத்தை என்மேல்தான் ரொம்ப நாள் வைத்திருந்தார். ஆனால் முப்பத்தொரு வருஷ சர்வீஸில், ஒரே ஒரு நாளைத் தவிர, சாயங்கால எண்ணிக்கையில் அவருக்கு ஒரு ஆள் குறைந்ததில்லை.

அவர் ரிட்டயராக மூன்று மாதம் இருக்கும்போது ரங்கன் வந்தான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரரை மண்வெட்டிக் காம்பால் அடித்ததற்கு இரண்டு மாதம். காட்டில் கடலைக்காய் பிடுங்கும் பருவம். வீட்டில் கைக்குழந்தையோடு மனைவி மட்டும். "ஒரு மழை போதுமுங்க, அத்தனையும் மண்ணுக்குள்ளயே முளைச்சுப் போயிருமுங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பரோல் கேட்டு அவன் கொடுத்த மனுவை வார்டர் சூப்ரண்டிடம் கொண்டுபோனார். சூப்ரண்டு கோட்டயத்துக்காரர். தலை தூக்காமலே, "அவனு ஒரவசரம் கொடுக்காம்" என்றார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அடுத்த மாதம் மனுக்களைப் பார்க்கும்போது இவனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்பது அவர் சொன்னதன் பொருள். வார்டரோ சல்யூட் அடித்துவிட்டு நேரே வந்து கதவைத் திறந்து, நாளைச் சாயங்கால எண்ணிக்கைக்கு வந்துவிடும்படி சொல்லி ரங்கனை அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு ஆறு மணிக்கு ஒரு தலை குறைந்தது. சூப்ரண்டு தாம்தூம் என்று குதித்தார். அவசரம் என்று ஐயாதானே சொன்னீர்கள், அதனால்தான் உடனே அனுப்பினேன் என்று வார்டர் விறைப்பாக நின்றார். ஆள் திரும்பாவிட்டால் பென்ஷன் போகும், வழக்கும் வரும் என்று கத்திவிட்டு, போலீஸை அனுப்பவா என்று கேட்டார் சூப்ரண்டு.

"வேண்டாங்க சார். வந்துருவானுங்க" என்றார் வார்டர்.

மறுநாள் மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. ஐந்தே முக்காலுக்கு வார்டர் எண்ண ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக எண்ணினார். எண்ணியவர்களையே மறுபடி எண்ணினார். நான் ஊரில் உள்ள எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில், முழங்கால் வரை செம்மண்ணோடு ரங்கன் ஓடிவந்து வரிசையில் நின்றான். கடலைக்காய் முழுக்க வீட்டுக்குள் போய்விட்டதாம். சூப்ரண்டு உள்ளே போய், முந்தின நாள் தேதி போட்டுப் பரோல் உத்தரவு எழுதினார்.

ரிட்டயரான அன்று பஸ் ஸ்டாண்டு வரை அவரோடு போனேன். அவசரத்துக்கு மலையாளத்தில் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் யாருமே சொல்லவில்லையா என்று கிண்டலாகக் கேட்டேன்.

"முப்பத்தொரு வருசமா மலையாளத்துலதானுங்க தம்பி திட்டு வாங்கியிருக்கறேன். அது தெரியாதுங்களா?" என்றார். "அடுத்த மாசம் வரைக்கும் கடலைக்காய் காத்திருக்குமுங்களா?"

அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான் என்று யாரிடம் சொன்னாலும், இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.