ஆறு முழுக்கக் கென்டக்கி

"டெல்பர்ட், இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் மேடம். சமையல்கட்டுல."

வெர்னா ஸ்ட்ரவுட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பதினெட்டு வருடமாக மனநல ஆலோசகர். உரிமம் ஒஹையோ மாநிலத்துக்கு மட்டும். டெல்பர்ட்டோ போன வாரம் ஆற்றுக்கு அக்கரையில் வீடு மாறிவிட்டார். அக்கரை, கென்டக்கி மாநிலம்.

"அப்போ நான் போன்லகூட ஆலோசனை சொல்லக் கூடாது. நீங்க உட்கார்ந்திருக்கிற மாநிலத்துல எனக்கு உரிமம் வேணும்."

"அப்போ நான் பாலத்தைத் தாண்டி வரணுமா?"

அவர் வைத்தியத்துக்கு வருவதே பாலத்தைக் கண்டால் வரும் பயத்துக்குத்தான். வீடு மாறிய அன்றும் லாரியில் சோபாவுக்குப் பின்னால், தலையோடு போர்த்திக்கொண்டுதான் ஆற்றைக் கடந்தார். ஒஹையோ கரை ஆஸ்பத்திரியில் மகளுக்கு மூன்று வாரத்தில் பிரசவம் வேறு.

வெர்னா கென்டக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தாள். அந்த அலுவலக எழுத்தர் திருமதி ஓகல்ட்ரீ போனில் வந்தாள்.

"கைரேகை சரியா விழலையேம்மா. தோட்ட வேலை செய்வீங்களோ?"

"ஆமா."

"நிறுத்திட்டு மறுபடி அனுப்புங்க. உங்க காலேஜ்ல இருந்து மதிப்பெண் பட்டியலும் வரணும்."

"காலேஜையே மூடிட்டாங்களே!"

"மூடினதுக்கு ஒரு சான்றிதழ் வாங்கிடுங்க."

காகிதங்களோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, டெல்பர்ட் பாலத்தைத் தவிர்க்கப் பக்கத்து வீட்டுக்காரரின் மீன்பிடிப் படகில் ஏறி, அங்கிருந்தே போன் செய்தார்.

"மேடம், பாதி ஆறு வந்தாச்சு! பேசலாமா?"

வெர்னா வரைபடத்தைப் பார்த்தாள். "டெல்பர்ட், இந்த ஆறு கிட்டத்தட்ட முழுக்கக் கென்டக்கிக்குச் சொந்தமாம். கரை ஏறினப்புறம் பேசலாம்."

"எங்கே ஏறுறது? எண்ணெய் தீர்ந்து படகு நின்னுபோச்சு. ஐயோ, தலைக்கு மேல பாலம்!"

"உயிருக்கு ஆபத்தா? அப்படின்னா பேசலாம்."

"ஆபத்தெல்லாம் இல்ல. பாலம்தான்!"

இழுவைப் படகு வரும்வரை நாற்பது நிமிடம் இருவரும் வானிலை பற்றியே பேசினார்கள். அதற்குப் பிறகு டெல்பர்ட் படத்தில் வரும் பாலத்தைக்கூடப் பார்க்க மறுத்தார்.

மகளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வலி கண்டது. டெல்பர்ட் கிளம்பினார். காரில் அல்ல, நடந்து. தன் பூட்ஸ் முனையை மட்டும் பார்த்துக்கொண்டு, வாய்க்கு வந்த திட்டையெல்லாம் திட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். பேத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தார். நேராக வெர்னாவின் அறைக்கு வந்து நாற்காலியில் விழுந்தார்.

"வந்துட்டேன் மேடம். திரும்பிப் போகணுமே, அதுக்கு ஏதாவது சொல்லுங்க!"

வெர்னாவுக்குக் கண் கலங்கியது. "ஒஹையோவுல உட்கார்ந்திருக்கீங்க. இனி தாராளமா..."

தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஓகல்ட்ரீ பேசறேன்மா. உங்க கென்டக்கி உரிமம் வந்தாச்சு! சரிபார்க்கும்போது ஒண்ணு கவனிச்சேன், உங்க ஒஹையோ உரிமம் நேத்தோட காலாவதி, புதுப்பிக்க மறந்துட்டீங்க போல. ஆனா உங்க நோயாளி எங்க பக்கம்தானே இருக்கார்? இனி தாராளமா பேசுங்க!"