கோட்டுக்கு டோக்கன், சீட்டுக்குக் கோப்பை

ப்ளோவ்திவ் நகரத்துச் சூதாட்ட விடுதியில் அன்று தெய்வம் இறங்கியிருந்தது. வேறெங்கும் இடம் கிடைக்காமல் காபிக் கோப்பைக்குள் இறங்கியிருந்தது. போக்கர் போட்டிக்கு வந்தவர்கள் இடைவேளை மணி அடித்ததும் கழிவறைக்குக்கூடப் போகாமல் அதன் முன்னால் வரிசை கட்டினார்கள்.

கோப்பை பார்ப்பவர் ஸ்பிரிதோன் அண்ணன். பெரிய மீசை, விரலுக்கு ஒரு மோதிரம். நீங்கள் குடித்து வைத்த கோப்பையைக் கவிழ்ப்பார், நிமிர்த்துவார், மண்டியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"பறவை தெரியுதுப்பா! எதிராளி மொத்தப் பந்தயச் சில்லையும் தள்ளினா, யோசிக்காம நீயும் தள்ளு!"

கட்டணம் இருபது லெவா. மணிக்கட்டில் கட்ட ஒரு சிவப்பு நூல் இலவசம். என்ன தாராள மனசு!

வந்தவர்கள் அத்தனை பேரும் சில்லு கரைந்துபோனவர்கள். எதிராளி தள்ளும்போது தானும் தள்ளுவதா, சீட்டை மடக்கி அந்த ஆட்டத்தை விடுவதா என்ற ஒரே முடிவில் பிழைப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போவார்கள். அத்தனை கோப்பையிலும் அதே பறவைதான் உட்கார்ந்திருந்தது.

வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டிவிட்டு டோக்கன் கொடுப்பவள் ராட்கா. அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் புருஷன் ப்லாகோய் விறகுக்கு வைத்திருந்த காசில் போட்டிக்கு நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தான். பரிசில்லாமல் வெளியே வந்தால் இந்தக் குளிர்காலம் முழுக்கப் போர்வைதான் அடுப்பு.

இரண்டாவது இடைவேளையில் அவன் நூலும் கையுமாக வந்தான்.

"ராட்கா, எனக்கும் பறவை தெரிஞ்சிருச்சு! இன்னும் ஒருத்தன் தோத்தா மிச்சம் எல்லாருக்கும் பரிசு. எனக்கு என்ன சீட்டு வந்தாலும் தள்ளச் சொல்லிட்டாரு."

"மடையா! உன்னைவிடக் கம்மியா சில்லு வெச்சிருக்கிறவன் எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"அப்ப அவனுங்க முதல்ல போகட்டுமே. உனக்கு என்ன அவசரம்?"

ப்லாகோய் தலையைச் சொறிந்தான். பறவை இதைச் சொல்லவில்லை.

ராட்கா ஒரு சர்க்கரைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்பிரிதோன் முன்னால் போய் நின்றாள். அவரைச் சுற்றி ஜெயித்த நாலு பேர் நூலைக் காட்டிக் காட்டிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கிண்ணத்தை மேசைமேல் கவிழ்த்தாள். சிவப்பு நூல்கள் குவிந்தன.

"முப்பத்தொண்ணு இருக்கு. கோட்டு வாங்க வந்தவங்க அறுத்துப் போட்டது. ஜெயிச்சவன் இங்க நின்னு பேசுறான். தோத்தவன் என்கிட்ட கோட்டு வாங்கிட்டு வாயத் திறக்காமப் போயிடுறான். அவங்களுக்கும் இதே பறவைதானே அண்ணே?"

ஸ்பிரிதோனுக்கு மீசை துடித்தது. "சில்லு கம்மியா வெச்சிருக்கிறவன் தோக்கத்தானேம்மா செய்வான்!"

"அடேங்கப்பா! தோத்தா சில்லு காரணம், ஜெயிச்சா கோப்பை காரணமா?"

சிலர் சிரித்தார்கள். சிலருக்கு நம்பிக்கை சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. அவர்கள் நூலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஆட்டம் தொடங்கியது. எதிராளி மொத்தத்தையும் தள்ளினான். ப்லாகோய் கையில் ஒரு ராஜாவும் ஒரு நாலும். நூல் தள்ளச் சொன்னது. அவன் அக்கம்பக்கத்து மேசைகளில் இருந்த சில்லுகளை ஒருமுறை பார்த்தான். சீட்டை மடக்கினான். அடுத்த மேசையில் நூல் கட்டிய ஒருவர் ரெண்டும் ஏழுமாக மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு பறவையை நம்பித் தள்ளினார். பறவை பறந்துவிட்டது, அவரும் போனார். மிச்சம் எல்லாருக்கும் பரிசு! ப்லாகோய் எழுந்து "விறகு! விறகு!" என்று கத்தியதைக் கேட்டுச் சீட்டுப் போடுகிறவர் பயந்துபோனார்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கோட்டுக்கு வரிசையில் நின்றார்கள். ஸ்பிரிதோன் அவசரமாக இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"என் கோட்டைக் குடும்மா, சீக்கிரம்."

ராட்கா ஒரு காபிக் கோப்பையை அவர் முன்னால் கவிழ்த்தாள். "எந்தக் கொக்கியில தொங்குதுன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே. நூறு கொக்கிதான் இருக்கு."

ஸ்பிரிதோன் கோப்பையைப் பார்த்தார். ராட்காவைப் பார்த்தார். பிறகு மெல்லச் சட்டைப்பையில் கையை விட்டு டோக்கனை எடுத்து நீட்டினார்.

ராட்கா அதை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"பாத்தீங்களா! தன் கோட்டுக்கு டோக்கன், உங்க காசுக்குக் கோப்பை! சாமிகளா, உள்ள போறப்போ கோட்டோட சேத்து மூளையையும் மாட்டிட்டுப் போயிருக்கீங்க. அதையும் மறக்காம வாங்கிட்டுப் போங்க!"